மரச்சாமான்களில் லாக்கர் தெளிப்பு

நைட்ரோசெல்லுலோஸைத் தின்னரில் கரைத்து, காற்றழுத்தத்தால் மரத்தின்மேல் மெல்லிய படலங்களாகப் படியவைக்கும் மெருகேற்று முறை. தின்னர் ஆவியானதும் படலம் இறுகிவிடும். அதற்கு வேதிவினை எதுவும் தேவையில்லை. இம்முறையின் வேகமும், இதில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவையும், அவற்றை எளிதில் சரிசெய்ய முடிவதும் இந்த ஒரு குணத்திலிருந்தே வருகின்றன. சீனாவிலும் ஜப்பானிலும் மரப்பாலைக் கொண்டு செய்யும் மெருகு வேறு வகை. அது ஈரக்காற்றில்தான் இறுகும். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கருக்கோ ஈரக்காற்றுதான் முதல் எதிரி.

இதற்கு முன் உயர்தர மேசை நாற்காலிகளுக்கு மெருகூட்டியது அரக்கு. பூவம், புரசு, இலந்தை மரங்களில் வாழும் அரக்குப்பூச்சியின் பிசினைச் சுத்தம் செய்து, ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சை உள்ளே வைத்துக் கட்டிய துணிப்பொட்டலத்தால் நாள்கணக்கில் தேய்ப்பார்கள். பிரெஞ்சு பாலிஷ் எனப்படும் இதன் ஆழ்ந்த பளபளப்பை எந்தத் தெளிப்புத் துப்பாக்கியும் இன்றுவரை முழுதாக எட்டவில்லை. ஆனால் சூடான தம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும். மது சிந்தினால் கரையும். எல்லாவற்றுக்கும் மேலாக, தொழிற்சாலைக்குத் தேவைப்பட்ட வேகம் அதில் இல்லை.

பருத்தியை நைட்ரிக், கந்தக அமிலங்களில் நனைத்து நைட்ரோசெல்லுலோஸ் செய்யும் வழியை 1846இல் அறிவித்தவர் பாசல் நகர வேதியியலாளர் ஷோன்பைன். முதலில் அது வெடிமருந்தாகத்தான் பெயர் பெற்றது. நீலகிரி அருவங்காட்டு கார்டைட் தொழிற்சாலையின் மூலப்பொருளும் இதே குடும்பம்தான். நைட்ரஜன் சுமார் 12 சதவீதமோ அதற்குக் குறைவோ இருந்தால் லாக்கர், அதைத் தாண்டினால் வெடிமருந்து. தெளிக்கும் அறையின் மூலைகளில் படியும் லாக்கர் தூளைக் கூட்டி அள்ளாமல் விடுபவர்கள் இந்த உறவை நினைவில் வைப்பது நல்லது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பித்தளைச் சாமான்களுக்கு நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுகள் வந்துவிட்டன. மரத்துக்கு அவை உதவவில்லை. கரைசல் கூழாக இருந்தது. தெளிக்கும் பதத்துக்கு நீர்க்கச் செய்தால் மரத்தில் தங்கும் பொருள் மிகச் சொற்பம். டு பாண்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் எட்மண்ட் ஃபிளாஹர்ட்டி 1920 வாக்கில் பிசுபிசுப்புக் குறைந்த நைட்ரோசெல்லுலோஸுக்கு வழி கண்டார். அதிலிருந்து பிறந்த 'டூகோ' 1923இல் ஓக்லாண்ட் கார்களில் ஏறியது. வாரக்கணக்கில் காயவேண்டியிருந்த கார் வண்ணம் மணிக்கணக்கில் காய்ந்தது.

கரைப்பானும் போரின் மிச்சம்தான். முதல் உலகப்போரில் கார்டைட்டுக்கு அசிட்டோன் தேவைப்பட்டபோது, மக்காச்சோளத்தை நொதிக்கவைத்து அதை எடுக்கும் முறையை வேதியியலாளர் கைம் வைஸ்மன் உருவாக்கினார். ஒரு பங்கு அசிட்டோனுடன் இரண்டு பங்கு பியூட்டனாலும் சேர்ந்து வந்தது. போர்க்காலத்தில் கேட்பாரில்லாமல் கிடந்த அந்தப் பியூட்டனால், பியூட்டைல் அசிட்டேட்டாக மாறி லாக்கரின் முக்கியக் கரைப்பானாயிற்று.

தெளிகருவி ஒரு தொண்டை மருத்துவரின் கைவண்ணம். ஒஹாயோவின் டொலீடோ நகரில் ஆலன் டெவில்பிஸ் நோயாளிகளின் தொண்டையில் மருந்து தெளிக்கச் செய்த கருவியை, அவருடைய மகன் தாமஸ் 1907இல் வண்ணம் தெளிக்கும் துப்பாக்கியாக மாற்றினார். 1920களில் லாக்கரும் துப்பாக்கியும் சேர்ந்ததும் அமெரிக்க மரச்சாமான் தொழிற்சாலைகளில் துணிப்பொட்டலம் ஓரங்கட்டப்பட்டது.

கோளாறுகளில் நம் ஊர்த் தட்பவெப்பத்துக்கு அதிகம் உரியது வெள்ளை பூப்பது. தின்னர் விரைந்து ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. மழைக்காலக் காற்றின் ஈரம் அதில் நீராகப் படிந்து, நைட்ரோசெல்லுலோஸைக் கரைசலிலிருந்து பிரித்துவிடுகிறது. தேக்கின் ரேகை மங்கலான வெண்படலத்துக்குள் மறைந்துபோகும். பலர் பதறிப்போய் உப்புத்தாளை எடுக்கிறார்கள், அது வீண்வேலை. மெதுவாக ஆவியாகும் ரிடார்டரை மெல்லியதாகத் தெளித்தால் படலம் மறுபடி இளகி, ஈரம் வெளியேறி, நிறம் திரும்பும். அடுத்த கோட்டிலும் சிறிது ரிடார்டர் கலக்கலாம். ஐப்பசி அடைமழையில் வேலையை இரண்டு நாள் தள்ளிப்போடுவது அதைவிட மேல்.

மீன்கண் எனப்படும் வட்டக்குழிகளுக்குக் காரணம் சிலிக்கோன். பழைய சாமான்களைத் துடைக்கப் பயன்படுத்திய ஸ்ப்ரே பாலிஷ் மரத்துளைகளில் ஊறியிருந்தால், லாக்கர் அந்த இடங்களில் ஒட்டாமல் விலகும். மேலும் மேலும் தெளித்தாலும் குழி மூடாது. டர்பென்டைனால் நன்கு துடைத்து, மெழுகு நீக்கிய அரக்கை ஒரு கோட் அடித்து, அதன்மேல் லாக்கர் தெளிப்பதே நம்பகமான வழி. லாக்கரால் வழக்கொழிந்த அரக்குதான் இங்கே லாக்கரைக் காப்பாற்றுகிறது.

ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு வந்தால் கரைசல் கெட்டி, அல்லது காற்றழுத்தம் போதவில்லை. துப்பாக்கி பரப்பிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தள்ளி, கோணம் மாறாமல் நகரவேண்டும். மணிக்கட்டைச் சுழற்றினால் நடுவில் வழியும், ஓரத்தில் தூளாக விழும். வழிந்ததை ஈரத்தில் தொடக்கூடாது. முழுதாகக் காய்ந்தபின் கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்த்து மீண்டும் தெளித்தால் போதும், புதிய கோட் பழையதோடு கரைந்து ஒன்றாகிவிடும். ஆண்டுகள் கழித்து வரும் வெடிப்பு மட்டும் அப்படி எளிதில் தீராது. படலம் நெகிழ ஆமணக்கெண்ணெய் போன்றவற்றைச் சேர்த்திருந்தாலும், தடித்த பூச்சு முதுமையில் மஞ்சளாகி, மரத்தின் விரிவு சுருக்கத்துக்கு ஈடுகொடுக்காமல் பிளக்கும்.

கரைப்பான் ஆவி காற்றை மாசுபடுத்துவதால் அமெரிக்காவில் 1970களிலிருந்து சட்டங்கள் இறுகின. மூக்கில் காற்றழுத்தம் 10 பவுண்டைத் தாண்டாத, புகைமூட்டம் குறைந்த துப்பாக்கிகள் பரவின. சந்தையின் பெரும்பகுதியை மெலமைனும் பி.யூ. எனப்படும் பாலியூரித்தேனும் பிடித்தன. சூட்டையும் நீரையும் அவை நன்றாகத் தாங்கும். ஆனால் கீறல் விழுந்தால் பழைய படலத்தோடு புதியது கரைந்து கலக்காது. கிதார் செய்பவர்கள் பலர் இன்னும் நைட்ரோசெல்லுலோஸை விடவில்லை.

பழைய மேசையைப் பழுதுபார்க்கும் முன், கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதியில் ஒரு சொட்டு ஸ்பிரிட், சற்றுத் தள்ளி ஒரு சொட்டு லாக்கர் தின்னர் விட்டுப் பாருங்கள். ஸ்பிரிட்டில் பிசுபிசுத்தால் அரக்கு. தின்னரில் மட்டும் இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் அது பெரும்பாலும் மெலமைன் அல்லது பி.யூ.; அதன்மேல் லாக்கர் தெளிக்கவேண்டாம்.