ரோதைமுனி: ஒரு சக்கரச் சாமியின் பெயர்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கும்பிடப்படும் சாமிகளில் பெரும்பாலானவை கடல் தாண்டி வந்தவை. மாரியம்மன், மதுரைவீரன், மாடசாமி, முனியாண்டி எல்லாம் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்களோடு சேர்ந்து வந்து, தொழிலாளர் வசிக்கும் லயத்துக்கு மேலே ஒரு மரத்தடியில் குடியேறியவை. ஒரு சாமிக்கோ அங்கே சொந்த ஊர் கிடையாது. ஸ்டோர் எனப்படும் தேயிலை ஆலைக்குக் காவல் நிற்கும் ரோதைமுனி அது. பேச்சில் ரோதமுனி. ஸ்டோருக்குள் சுழல்கிற அத்தனை இயந்திரங்களும் அதன் பொறுப்பு.

பெயரில் இரண்டு சொற்கள். முனி நமக்குத் தெரிந்தவர்தான், அவரைப் பிறகு பார்ப்போம். சிக்கல் ரோதையில் இருக்கிறது. தமிழ்நாட்டுக் காதுக்கு அது முதலில் 'ரோதனை' என்று விழும். ஓயாத தொல்லையை 'ஒரே ரோதனையாப் போச்சு' என்கிறோமே, அது. வடமொழியில் அழுகையைக் குறிக்கும் ரோதனம். கொஞ்சம் இலக்கியம் படித்தவர் 'ஓதை'யை நினைப்பார். ஓசைக்குப் பழைய பெயர். இரவு பகலாக இரைகிற ஸ்டோருக்கு இரண்டுமே நன்றாகப் பொருந்துகின்றன. அப்படிப் பொருந்துவதாலேயே சந்தேகப்பட வேண்டும். சொல்லாராய்ச்சியில் நடக்கும் பிழைகளில் பாதி, பொருத்தம் கண்ட மகிழ்ச்சியில் நடப்பவை. ஓதைக்கு முன்னால் ஒரு ரகரம் முளைக்க இலக்கணத்தில் வழி இல்லை. அழுகைக்கும் ஆலைக்கும் இடையே பாலம் போட நம் கற்பனை மட்டுமே இருக்கிறது. மலையகத்தில் ரோதை என்றால் சக்கரம். வண்டியில் இருந்தாலும் ரோதை, இயந்திரத்தில் இருந்தாலும் ரோதை.

சக்கரம், உருளை, ஆழி, நேமி, கால் என்று தமிழில் இத்தனை சொற்கள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தார் சைக்கிள் சக்கரத்தைச் சில்லு என்கிறார்கள். இவ்வளவு இருக்க ரோதை எங்கிருந்து வந்தது? போர்த்துக்கேயத்திலிருந்து. அந்த மொழியில் சக்கரத்துக்கு 'ரோதா' என்று பெயர். 1505இல் இலங்கைக் கரைக்கு வந்து 1658இல் ஒல்லாந்தரிடம் எல்லாவற்றையும் இழந்து போன போர்த்துக்கேயர், புழங்குகிற பொருள்களில் பலவற்றுக்குப் பெயரை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். அவர்களுடைய 'மேசா' நமக்கு மேசை. 'காதேய்ரா' இலங்கைத் தமிழில் கதிரை. 'கர்ரேத்தா' கரத்தை, அதாவது மாட்டு வண்டி. இறுதியில் அகரம் ஒலிக்கும் போர்த்துக்கேயப் பெயர்கள் தமிழுக்குள் வந்ததும் பெரும்பாலும் ஐகாரத்தில் முடிகின்றன. ஓகாரம் ஒலித்தால் உகரம்: 'சப்பாத்தோ' சப்பாத்து ஆனது அப்படித்தான். இந்த வரிசையில் ரோதா ரோதை ஆனது எந்த வலிந்த விளக்கமும் இல்லாமல் உட்கார்ந்துகொள்கிறது. கரத்தையும் ரோதையும், வண்டியும் சக்கரமும், ஒரே கூட்டமாக வந்த சொற்கள் என்பதும் கவனிக்கத் தக்கது. சிங்களத்திலும் அவை கரத்தய, ரோதய என்று சேர்ந்தே இருக்கின்றன.

ஆனால் போர்த்துக்கேயரால் கண்டி இராச்சியத்தைக் கடைசிவரை பிடிக்க முடியவில்லை. ஹட்டனும் நுவரெலியாவும் இருக்கும் மலைகளில் அவர்கள் ஆட்சி நடந்ததே இல்லை. அப்படியானால் சொல் எப்படி மேலே ஏறியது? 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கியபோது தமிழகத்திலிருந்து வந்தவர்கள் வாயில் சக்கரம் என்ற சொல்தான் இருந்திருக்கும். கோப்பி மூட்டைகளைக் கொழும்புக்கு இறக்கிய கரத்தைகளும், அவற்றை ஓட்டியவர்களும், அச்சு முறிந்தால் செப்பனிட்ட தச்சரும் கரையோரத்து ஆட்கள், பெரும்பாலும் சிங்களவர். அந்தக் கைவினைஞருக்கு இன்றும் இலங்கையில் 'பாஸ்' என்று பெயர்; அது ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல். வேலை எவர் கையில் இருக்கிறதோ, அதன் சொல்லும் அவர் வாயிலிருந்துதான் பரவும். சிங்களத்தின் ரோதய தோட்டத்துத் தமிழில் ரோதையாக நிலைத்தது இந்த வழியில்தான் என்றே நான் கொள்கிறேன்.

கோப்பித் தோட்டத்தின் முதல் இயந்திரமே சக்கரம். ஓடையைத் திருப்பிவிட்டு, தண்ணீர் விழுகிற வேகத்தில் ஒரு பெரிய மரச்சக்கரம் சுழலும். அது பழத்தின் சதையைப் பிரித்தெடுக்கும் பொறியை ஓட்டும். காய்ந்த கொட்டையின் மேல்தோலை நீக்க வட்டமான தொட்டி. அதற்குள் கனமான சக்கரங்கள், சுற்றிச் சுற்றி இழுக்க மாடுகள். கண்டியில் 1854இல் தொடங்கிய ஜோன் வோக்கர் நிறுவனம் இந்தக் கோப்பிப் பொறிகளைச் செய்தே வளர்ந்தது. கொட்டையைக் காயவைத்து அடுக்கிய கட்டடம் ஸ்டோர். பின்னாளில் கோப்பி போய்த் தேயிலை வந்தது, கட்டடமும் மாறியது, ஆனாலும் தொழிலாளர் வாயில் தேயிலை ஆலை இன்னும் 'ஸ்டோரு'தான். பெயர்களுக்கு இந்தக் குணம் உண்டு. ஆள் மாறினாலும் வீட்டைக் காலி செய்யமாட்டா.

1869இல் இலைத்துரு நோய் தாக்கி, அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி அழிந்தது. அதற்கு முன்பே, 1867இல், லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். தொடக்கத்தில் கொழுந்து அரைபட்டது அவருடைய பங்களா வராந்தாவில், மேசைகள் மேல், ஆட்களின் மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் இடையில். 1872இல் உருட்டும் பொறியோடு ஆலை அமைத்தார். அதே காலத்தில் வில்லியம் ஜாக்சனின் உருட்டுப் பொறி அசாமில் வேலை தொடங்கியது. சாமுவேல் டேவிட்சன் பெல்பாஸ்டில் செய்த 'சிரோக்கோ' உலர்த்தி பின்னால் வந்தது. புகையிரதம் 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியபின் கனமான இரும்பை மேலே ஏற்றுவது எளிதாகிவிட்டது.

அந்தக் கால ஸ்டோருக்குள் ஒருவர் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது தலைக்கு மேலே இருக்கும். கட்டடத்தின் நீளத்துக்கு ஓர் இரும்புத் தண்டு. அதில் வரிசையாகச் சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரத்திலிருந்தும் கீழே உள்ள பொறிக்கு ஒரு தோல் வார். வெளியே தண்ணீரோ எஞ்சினோ தண்டைச் சுழற்ற, தண்டு அத்தனையையும் சுழற்றும். உருட்டுப் பொறியின் வட்ட மேசையில் பித்தளை வரம்புகள். மேலே இருக்கும் உருளைப் பெட்டி வாட்டிய கொழுந்தை அழுத்திக்கொண்டு வட்டமடிக்கும். இலை நசுங்கிப் பச்சை வாசம் எழும், கொஞ்ச நேரத்தில் அது பழ வாசமாகத் திரும்பும். எப்போது புளிப்பு போதும் என்று டீமேக்கர் மூக்கால் முடிவு செய்வார். பிறகு சூட்டில் சுமார் இருபது நிமிடம். இதில் ஆளின் கை படும் இடமெல்லாம் ஏதோ ஒன்று சுழல்கிற இடம். வார் அறுந்தால் சவுக்குபோல் வீசும். வேட்டி நுனியோ விரலோ சிக்கினால் தண்டு நிற்காது. அதை நிறுத்த வேண்டிய ஆள் கட்டடத்தின் மறுகோடியில் இருப்பார்.

இங்கேதான் முனி வருகிறார். வடமொழியில் முனி தவசி. தமிழிலோ முனிதல் என்றொரு வினை உண்டு, வெறுத்தல், சினத்தல். முனிவு என்றால் கோபம். பற்றை முனிந்தவரே முனிவர் என்று இரண்டையும் முடிச்சுப் போடுவாரும் உண்டு. கிராமத்து முனிக்கு இந்தத் தமிழ் வினைதான் நெருக்கம். ஊர் எல்லையில் நிற்பார், நேரங்கெட்ட நேரத்தில் குறுக்கே போனவரை அடிப்பார். 'முனி அடிச்சிருச்சு' என்பது தமிழ்நாட்டில் இன்றும் வழக்கு. காவலும் தண்டனையும் ஒரே ஆளிடம். ஸ்டோரின் சுபாவமும் அதுதான்: சோறு போடும், கையையும் எடுக்கும். சாந்தமான தெய்வம் எதையும் அந்த வாரடியில் நிறுத்தியிருக்க முடியாது. கிடாய் அல்லது சேவல், சுருட்டு, சாராயம் என்று ஊர்முனிக்கு உரிய படையலே இவருக்கும்.

இந்தப் பெயரை வைத்து நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். ரோதைமுனியைப் பழைய நம்பிக்கையின் மிச்சம் என்று எழுதிவிடுவது சுலபம். பெயரே அதை மறுக்கிறது. இயந்திரம் வருவதற்கு முன் இந்தச் சாமி இல்லை. இருந்திருந்தால் பெயரில் போர்த்துக்கேயச் சக்கரம் இருந்திருக்காது. ஆலை எவ்வளவு புதியதோ அவரும் அவ்வளவு புதியவர்.

அவர் தனியாகவும் இல்லை. கொழுந்து மலையில் கொழுந்துசாமி. தேயிலையை வெட்டி மட்டமாக்கும் மலையில் கவ்வாத்துசாமி, வெட்டுவதற்கு முன் கத்திகளை வைத்துக் கும்பிடுகிற சாமி. பறிப்பது, வெட்டுவது, அரைப்பது என்று தோட்டத்தை நடத்திய துரை வேலையைப் பிரித்தார். வேலைக்கு ஒன்றாகச் சாமிகளும் பிரிந்தன. பட்டாளத்து அணிவகுப்புக்கும் கவாத்து என்று பெயர், அரபியிலிருந்து உருது வழியாக வந்தது. காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் 'பிரட்டு' ஆங்கிலப் பரேட். ஆளுக்குப் பிரட்டு, செடிக்குக் கவ்வாத்து!

மாயக் கதைகளில் வழக்கமாக ஓர் ஏற்பாடு இருக்கும். இரும்பும் நீராவியும் வந்தால் தேவதைகள் காட்டுக்குள் ஓடிவிடும். மலையகம் அந்தக் கதைக்கு ஒத்துழைக்கவில்லை, மற்ற இடங்களும்தான். பிரித்தானிய விமானப்படையினர் விமானக் கோளாறுகளுக்கெல்லாம் 'கிரெம்லின்' என்ற குட்டிச்சாத்தான்களைப் பழி சொன்னார்கள். ரோல் டால் 1943இல் அவற்றை வைத்துச் சிறுவர் நூலே எழுதினார். ஆனால் கிரெம்லினுக்கு யாரும் படையல் வைத்ததாகத் தெரியவில்லை, அது வெறும் சாக்கு. மலேசியாவில் சிலாங்கூர் மின்னணு ஆலைகளில் மலாய்ப் பெண்களைப் பேய் பிடித்ததையும், நிர்வாகமே பொமோ என்னும் மந்திரவாதியை அழைத்ததையும் மானிடவியலாளர் ஐவா ஓங் 1987இல் எழுதினார். நமக்கு இன்னும் நெருக்கமானது சிங்கப்பூர். குயின்ஸ்டவுன் தண்டவாளத்தருகே இரயில்வே தொழிலாளர்கள் 1932இல் ஒரு குடிசைக் கோவில் வைத்தார்கள். இன்று கொமன்வெல்த் டிரைவில் பெரிய கோவிலாக இருக்கிறது. சாமி முனீஸ்வரன். அங்கே முனி இரயிலுக்குக் காவல் நின்றாலும் பெயருக்குள் இரயிலை ஏற்றிக்கொள்ளவில்லை. மலையகத்தார்தான் அந்தத் துணிச்சலைச் செய்தார்கள்.

பெயர் வைத்த பிறகு இயந்திரம் பலமுறை மாறிவிட்டது. நீர்ச்சக்கரம் போய் நீராவியும் எண்ணெய் எஞ்சினும் வந்தன. 1912இல் பொறியியலாளர் விமலசுரேந்திர நுவரெலியாவுக்கு மின்சாரம் தர பிளாக்பூலில் சிறிய நீர்மின் நிலையம் அமைத்தார். 1950இல் லக்சபான நீர்மின் நிலையம் தொடங்கியது. ஒவ்வொரு பொறிக்கும் தனி மோட்டார் வந்ததும் தலைக்கு மேலே இருந்த தண்டுக்கும் வாருக்கும் வேலை போனது. ஆயுத பூசை நாளில் இப்போது விபூதிப் பட்டையும் குங்குமமும் சுவிட்சுப் பெட்டியின் சாம்பல் நிறத் தகரத்தில் விழுகின்றன. கட்டடமே வேறு வேலைக்குப் போனதும் உண்டு: கந்தப்பொலவில் மூடிக் கிடந்த ஹெதர்செட் ஆலை 1996இல் ஓட்டலாகத் திறந்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு உருட்டும் அறைக்கு வந்த பொறிகளில் ஒன்று ரோட்டர்வேன். இலையை ஒரு குழாய்க்குள் திருகித் தள்ளி நறுக்கும். அந்த 'ரோட்டர்' இலத்தீன் 'ரோத்தா'விலிருந்து வந்தது, சக்கரம் என்றே பொருள். போர்த்துக்கேய ரோதாவுக்கும் தாய் அந்தச் சொல்தான். ஆக, பொறியை விற்ற வெள்ளைக்காரனுக்குத் தெரியாமலே அதன் பெயரும் ரோதைமுனியின் பெயரும் ஒரே குடும்பம்.

குடும்பம் அதோடும் முடியவில்லை. இலத்தீன் ரோத்தாவும் வடமொழி ரதமும் ஒரே மூலத்தில் பிறந்தவை என்பது ஒப்பியல் மொழியியலில் நெடுங்காலமாக ஏற்கப்பட்ட முடிவு. ஒரு கிளை சக்கரத்தைப் பெயராக வைத்துக்கொண்டது, இன்னொன்று சக்கரம் பூட்டிய தேரை. தோட்டத்துத் திருவிழாவில் தேர் இழுப்பவர்களிடம் இருக்கும் ரதம் தரைவழியாக வந்த மூத்த பங்காளி. ஸ்டோரின் ரோதை லிஸ்பனைச் சுற்றிக் கடல்வழியாக வந்த இளையது. இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் ஹட்டன் பஸ் நிலையத்துக்கு வெளியே வரிசையில் நிற்கும் ஆட்டோக்களைப் பார்க்கலாம். அரசாங்கத் தமிழில் அது முச்சக்கர வண்டி. சிங்களத்தில், த்ரீரோத ரதய.