உரையும் ஏதுவும்

ஒரு செய்யுட்குப் பொருள் இதுவெனக் கூறுதல் எளிது; அதுவே பொருளாதற்குச் செய்யுளின்கண்ணும் பிற நூல்களின்கண்ணும் சான்று காட்டி நிறுவுதல் அரிது. இவ்வரிய தொழிலை மாணாக்கர்க்குப் பயிற்றும் முறை மேனாட்டுக் கல்வியோடு தமிழகம் புகுந்ததென்றும், பண்டைக் கல்வி நெட்டுருச் செய்தல் ஒன்றையே வேண்டிற்றென்றும் கூறுவார் உளர். உரையாசிரியர் நூல்களைப் பயின்றார்க்கு இக்கூற்று உடன்பாடாகாது.

உரையென்பது தடையும் விடையும் உடைத்தாதல் வேண்டுமென்பது தொல்காப்பிய மரபியலிலேயே பெறப்படும். மூன்றாங் குலோத்துங்கன் காலத்தவனாகிய சீயகங்கன் வேண்ட நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் இதனை இன்னும் தெளிய வகுத்தார். கருத்து, பதப்பொருள், காட்டு என்னும் மூன்றானும், அவற்றொடு வினா, விடை என்னும் இரண்டு கூட்டியும் உரைப்பது காண்டிகை. இவ்வைந்தோடும் தன்னுரையானும் பிறநூலானும் ஐயம் அகல விரிப்பது விருத்தி. பொருள் சொல்வதோடு அமையாது, காட்டும் தந்து, எதிர்ப்படும் வினாவையும் தானே எழுப்பி விடுத்தல் உரைகாரன் கடனாயிற்று. அந்நூலே மாணாக்கன் செயல்களை எண்ணுமிடத்துப் பாடம் போற்றலையும் கேட்டவை நினைத்தலையும் கூறிய வாயால், உடன் பயில்வாரோடு பழகி வினாதலையும் வினாயவை விடுத்தலையும் கூறுகின்றது. மனனமும் வினாவும் ஒரு கல்வியின் இரண்டு உறுப்புக்களாகவே வைக்கப்பட்டன.

ஏட்டுச் சுவடியிற் பத்திப் பிரிவு இல்லை. நிறுத்தக் குறியும் இல்லை. பின் ஒரு வாதம் தொடங்குமிடமும் முடியுமிடமும் மாணாக்கன் அறிந்தது யாங்ஙனம்? 'என்னை', 'எனின்', 'அற்றேல்', 'ஆகலான்', 'என்க' என்னும் சிறு சொற்களே அவ்வேலையைச் செய்தன. 'என்னை' என்ற அளவில் ஏது வரப்போகின்றதென்பதும், 'எனின்' என்ற அளவில் மாற்றார் தடை முடிந்ததென்பதும் கேட்போர் செவிக்கு விளங்கும். தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற் சேனாவரையர் முன்னை உரையாசிரியராகிய இளம்பூரணரை மறுக்கும் இடங்களை நோக்குக. எதிருரையை முதற்கண் சிதையாது எடுத்துக் கூறி, அதன்பின்னரே அது பொருந்தாமைக்கு ஏதுக் காட்டுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் அச்சு நூல்களிற் குறியீடுகளைப் பெருக வழங்கியபோது, இச்சொற்கள் முன்னரே வகுத்து வைத்த எல்லைகள் கண்ணுக்கும் புலனாயின.

இறையனார் களவியலுரை கூறும் வரலாறு ஈண்டு நினைக்கத்தக்கது. உருத்திரசன்மன் என்னும் மூங்கைப் பிள்ளை கேட்டுக் கண்ணீர் வார மெய்ம்மயிர் சிலிர்த்ததே நக்கீரர் உரை மெய்யுரை என்பதற்குச் சான்றாயிற்றென அது கூறும். கண்ணீரைச் சான்றாகக் கூறும் அவ்வுரையோ, உள்ளே வினாவும் விடையும் ஏதுவும் காட்டுமாகவே நடக்கின்றது. தன் பொருளை ஓரிடத்தும் கண்ணீரால் நிறுவிற்றிலது.

மனனம் சான்றுக்குப் பகையன்று, அதன் களஞ்சியமே என்பது பின்னாளில் ஒருவாற்றான் விளங்கிற்று. 1880ஆம் ஆண்டு சேலம் இராமசாமி முதலியார் தூண்டுதலாற் சீவகசிந்தாமணியை ஆராயத் தொடங்கிய உ. வே. சாமிநாதையர்க்குப் பெருந்தடையாய் நின்றது நச்சினார்க்கினியர் உரையே. அவர் மேற்கோளாக அடிகளைக் காட்டுவர். எந்நூலின என்று பெரும்பாலும் கூறார். கேட்கும் மாணாக்கன் நெஞ்சில் அந்நூல்கள் உள என்பதே அவர் துணிவு. அந்நூல்கள் வழக்கு ஒழிந்தபின் காட்டு இருந்தும் காட்டப்பட்டது மறைந்தது. ஐயர் சுவடிகளைத் தேடியும், மேற்கோள்களுக்கு அகராதி வகுத்தும், சமயப் பொருள்களைக் கும்பகோணத்துச் சைனர்பாற் கேட்டும் தெளிந்து, 1887இல் அந்நூலைப் பதிப்பித்தார். நெஞ்சில் இருந்த களஞ்சியத்தைத் தாளில் மீளக் கட்டுதற்கு ஏழாண்டு சென்றது.

இனி, இம்முறையாற் பயின்றவன் பேராசிரியர் உரையையும் அளந்து பார்க்கும் உரிமை பெறுவான் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. திருக்குறள் ஏழாம் அதிகாரத்திற்குப் பரிமேலழகர் கொண்ட பெயர் புதல்வரைப் பெறுதல். அதன் முதற்குறளில் 'அறிவறிந்த' என்னும் அடையால் 'மக்கள்' என்னும் பெயர் பெண்ணை ஒழித்து நின்றதென்பது அவர் கருத்து. கருத்து உளது, ஏதுவும் உளது. ஆயின் அவ்வேது கருத்தைத் தாங்குமா? அறிவுடைமை ஆடவர்க்கே உரியது என்பது முன்னரே துணியப்பட்டாலன்றி, 'அறிவறிந்த' என்னும் சொல் பெண்ணை விலக்காது. ஆகவே நிறுவ வேண்டுவதையே ஏதுவினுள் வைத்தவாறாயிற்று. அவ்வதிகாரத்துள், மகனைச் சான்றோன் எனக் கேட்ட தாயைக் கூறுமிடத்தும், பெண்ணியல்பால் தானாக அறியாமையின் 'கேட்ட' என்றார் என்பர். பிறர் சொல்லக் கேட்டாள் என்பதற்கு மேல் அச்சொல் யாதும் கூறுகின்றிலது. தந்தையும் பிறர் வாய்ச்சொல்லாலன்றோ மகன் புகழைக் கேட்பான்? பிறநூற் சான்று வேண்டுவார்க்குச் சங்கத் தொகைகள் உள. பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்னும் பெண்பாற் புலவர். ஔவையாரும் வெள்ளிவீதியாரும் பாடியன அத்தொகைகளில் இன்றும் உள்ளன.

இம்மறுப்பிற்குப் புறத்தேயிருந்து கருவி ஒன்றும் கொண்டிலம் அல்லோம் என்றற்கு இடமில்லை. கருத்து, ஏது, காட்டு, தடை, விடை என்னும் அனைத்தும் பரிமேலழகரே பயிற்றியன. தம்மின் வேறாக உரைப்பாரும் உளர் எனப் பலவிடத்துக் குறித்துச் சென்றவரும் அவரே. தேர்வின்பொருட்டு அச்சிடப்படும் பொழிப்புரைச் சிறு நூல்கள் பலவற்றில் அவர் முடிபு மாத்திரம் எடுக்கப்பட்டு, 'என்னை' என்னும் வினாவும் அதன் விடையும் விடப்படுகின்றன. அவற்றைப் பயிலும் மாணாக்கன் அம்முடிபை ஏற்றற்கும் ஏதுப் பெறான்; மறுத்தற்கும் பெறான்.