இத்தாலியின் சமூகக் கூட்டுறவுகள்

வேலை கிடைக்காமல் ஒதுக்கப்பட்டவர்களை முழு உரிமையுள்ள தொழிலாளர்களாகவும் உறுப்பினர்களாகவும் சேர்த்து நடத்தும் தொழில் நிறுவனங்கள் இத்தாலியில் சமூகக் கூட்டுறவுகள் எனப்படுகின்றன. இவற்றின் வேர் திரியெஸ்தே நகரின் சான் ஜொவான்னி மனநல மருத்துவமனையில் இருக்கிறது. 1971-இல் பிராங்கோ பசாலியா அதன் இயக்குநராகப் பொறுப்பேற்றபோது, கூட்டுவது, துவைப்பது, சமையலறையில் உழைப்பது ஆகியவற்றை நோயாளிகளே செய்துவந்தார்கள். சிகிச்சை என்று பெயர் சூட்டப்பட்டதால் அந்த உழைப்புக்குக் கூலி இல்லை. 1970-களின் தொடக்கத்தில் அவர்கள் ஒரு கூட்டுறவாகத் திரண்டு, அதே துப்புரவுப் பணியை ஒப்பந்தத்துக்கு எடுத்து ஊதியம் பெற்றார்கள். வேலை பழையதுதான், அதைச் செய்தவர் தொழிலாளி ஆனார். இந்த மாற்றமே இவ்வகை நிறுவனத்தின் உயிர்நாடி. பரிவு எவ்வளவு இருந்தாலும் ஊதியமும் வாக்கும் இல்லாத இடத்தில் அது வேலைவாய்ப்பு ஆகாது.

மனநல விடுதிகளை மூட வழிசெய்த 1978-ஆம் ஆண்டின் 180-ஆம் எண் சட்டத்துக்குப் பின், வெளியே வந்தவர்களுக்குப் பிழைப்பு தேவைப்பட்டது, கூட்டுறவுகள் பரவின. 1991-இன் 381-ஆம் எண் சட்டம் அவற்றை இருவகையாகப் பிரித்தது. நலச் சேவை தருபவை 'ஏ' வகை. வேலை தருபவை 'பி' வகை. பின்னதில் குறைந்தது 30 விழுக்காடு தொழிலாளர்கள் மாற்றுத்திறனாளிகள், மனநலச் சிகிச்சை பெறுவோர், போதைப் பழக்கத்திலிருந்து மீள்வோர், சிறைக்கு வெளியே தண்டனை கழிப்போர் போன்றவர்களாக இருக்க வேண்டும். உடல், மனநிலை இடம் கொடுக்கும் அளவுக்கு அவர்கள் உறுப்பினர்களாகவும் இருக்க வேண்டும். அவர்களுக்கான சமூகக் காப்பீட்டுச் சந்தாவில் நிறுவனத்துக்குச் சலுகை உண்டு.

சலுகை பெறும் நிறுவனம் மற்றவர்களோடு போட்டியிடுவது நியாயமா என்று கேட்கிறார்கள். விடுதியில் வைத்துப் பராமரித்தாலும் உதவித்தொகை தந்தாலும் அரசுக்குச் செலவுதான். இங்கே அந்தச் செலவு ஊதியமாக மாறுகிறது. இவை புதிய ஒதுக்குப்புறம் ஆகிவிடாதா என்பது இதைவிடக் கனமான கேள்வி. மற்றத் தொழிலாளர்களும் அதே வேலையைப் பக்கத்தில் நின்று செய்ய இடம் வைத்திருப்பதால், ஒதுக்கப்பட்டவர்களை மட்டுமே அடைத்துவைக்கும் பட்டறைகளிலிருந்து இது வேறுபடுகிறது. ஆனாலும் பலர் இங்கிருந்து சாதாரண நிறுவனங்களுக்கு நகர்வதில்லை. வாழ்நாள் முழுதும் ஒருவர் இங்கேயே உழைத்தால் அதைத் தோல்வி என்று நான் எண்ணவில்லை. வேறெந்தத் தொழிலாளியிடமும் ஏன் வேறு நிறுவனத்துக்குப் போகவில்லை என்று கேட்பதில்லை. மெய்யான பலவீனம் அரசு ஒப்பந்தங்களில் இருக்கிறது. குறிப்பிட்ட தொகைக்குக் கீழான பணிகளை வழக்கமான ஏலமின்றி இவற்றுக்குத் தர 381-ஆம் சட்டம் இடமளித்தது. ரோம் மாநகராட்சிப் பணிகளில் கையூட்டு புழங்கியது 2014-இல் விசாரணையில் அம்பலமானபோது, கூட்டுறவுத் தலைவர்களும் சிக்கினார்கள். அதன் பின், வெளிப்படையான தேர்வுமுறை வேண்டும் என்ற நிபந்தனை அதே சட்டத்தில் சேர்க்கப்பட்டது; 30 விழுக்காட்டு விதியில் கை வைக்கவில்லை.