தி.நகருக்கு எப்படிப் போவது? ஒரு நூறாண்டுக் கதை



ஐப்பசி நெருங்கினாலும் வீட்டில் கல்யாணம் என்றாலும் உங்களில் பலர் கேட்பது ஒன்றே: "சார், தி.நகருக்கு எப்படிப் போனால் நல்லது? அம்மாவையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும்." இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் காரணம் தெரிந்தால்தான் மனதில் நிற்கும். வகுப்பில் நான் அடிக்கடி சொன்னதுதானே இது!

இன்று துணிக்கடைகள் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் தண்ணீர் நின்றது. மாம்பலத்தை ஒட்டிப் பெரிய நீண்ட ஏரி ஒன்று இருந்தது. 1920களில் நீதிக்கட்சி ஆட்சியில் ஏரியின் ஒரு பகுதியை வற்றவைத்துப் புதிய குடியிருப்பை உருவாக்கினார்கள். சர் பிட்டி தியாகராயர் பெயரை அதற்கு வைத்தார்கள். நடுவில் அமைந்த பூங்காவுக்கு அன்றைய முதன்மை அமைச்சர் பனகல் அரசர் பெயர். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இன்றும் இருக்கிறது. ஏரி போய்விட்டது, பெயர் மட்டும் மிச்சம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சாலைகள் எல்லாம் தோட்டம் வைத்த தனி வீடுகளில் குடியிருப்பவர்களுக்காகப் போடப்பட்டவை. ஊரெல்லாம் இங்கே வந்து கடைத்தெருவில் திரளும் என்று யாரும் திட்டமிடவில்லை.

கூட்டத்தைக் கொண்டுவந்தது ரயில். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலம் நிலையத்தில் இறங்கினால் எதிரே ரங்கநாதன் தெரு, அதைத் தாண்டினால் உஸ்மான் சாலை. 1928இலேயே நல்லி பட்டுக்கடை இங்கே தொடங்கிவிட்டது. பின்னர் ஒவ்வொன்றாகப் பாத்திரம், நகை, ஆயத்த ஆடை என்று கடைகள் பெருகின. வீடுகள் இருந்த இடங்களில் மாடிக் கடைகள் எழுந்தன. தெருவின் அகலம் மட்டும் கூடவில்லை.

அகலப் பாதை வந்தது. 2004 ஜூலையோடு பழைய மீட்டர் கேஜ் மின்ரயில் விடைபெற்றது. வண்டிகளுக்காக மேம்பாலமும் கட்டினார்கள். ஆனால் ரயிலில் இறங்கி, கையில் பையும் இடுப்பில் குழந்தையுமாக நடந்தவர்களுக்கு என்ன செய்தோம்? பல்லாண்டுகள் எதுவுமில்லை. 2019 நவம்பரில்தான் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. 2023 மே மாதத்தில் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை வந்தது. நீளம் சுமார் 570 மீட்டர். 1931இலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள், 92 ஆண்டுகள்! பெரும்பாலோர் நடந்தே வரும் ஊரில் நடப்பவனின் முறை கடைசியில்தான் வந்திருக்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

தென்மாவட்டங்களிலிருந்து ரயிலில் வருபவர்கள், உங்கள் வண்டி மாம்பலத்தில் நிற்குமா என்று முதலில் பாருங்கள். நிற்காவிட்டால் தாம்பரத்திலோ எழும்பூரிலோ இறங்கி மின்ரயில் பிடியுங்கள். பேருந்தில் வருபவர்களுக்கு 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கம்தான் இறங்குமிடம். அங்கிருந்து மாநகரப் பேருந்தில் தாம்பரம் வந்து ரயில் ஏறுவது சுலபம். மெட்ரோவில் வந்தால் நந்தனத்தில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ. பனகல் பூங்கா அருகே சுரங்க மெட்ரோ நிலையம் அமைக்கும் பணி நடக்கிறது. அது முடிந்தால் இந்தப் பாடத்தைத் திருத்தி எழுதுவேன்.

வயதானவர்களை ரங்கநாதன் தெரு நெரிசலில் இழுத்துச் செல்லாதீர்கள். ஆகாய நடைபாதையில் லிஃப்ட் உண்டு, அதில் ஏற்றிவிடுங்கள். பண்டிகைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளைத் தவிர்த்து, வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள்.

கார் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டு வாசல்களுக்காகப் போட்ட தெருவில் நீங்கள் நிறுத்தும் ஒரு கார், பத்துப் பேர் நடக்கும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. அந்தப் பத்துப் பேரில் ஒருவர் உங்கள் அம்மாவாகவும் இருக்கலாம். காரை வீட்டிலேயே விட்டுவிட்டு ரயிலில் வாருங்கள்.

பத்திரமாகப் போய் வாருங்கள். பட்டு வாங்கினால் படம் அனுப்புங்கள்!

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்