இழை: நகலெடுத்தால்தான் புதுசு பிறக்கும்

1/ ஓ.பி. சீட்டுல "ஓ.ஆர்.எஸ்."னு மட்டும் எழுதுறோம். 1 பாக்கெட்டுக்கு 1 லிட்டர் தண்ணின்னு ஒவ்வொரு தடவையும் எழுதுறதில்ல. ஒருமுறை வகுத்து வெச்சாச்சு, பேரைச் சொன்னா போதும். கணினி நிரலில் இதுக்குப் பேர் சப்ரூட்டீன்.

2/ 1949-ல் கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினி ஓடத் தொடங்கியது. டேவிட் வீலரும் கூட்டாளிகளும் சப்ரூட்டீன்களைக் காகித நாடாவில் துளையிட்டு ஒரு நூலகமாவே சேர்த்தாங்க. ஆனா எதைத் தனியா பிரிக்கணும்னு முடிவு பண்ணது மனுஷங்க.

3/ மனுஷன் எழுதாம நிரலே பரிணமிச்சா? ஜான் கோசாவின் 1992 புத்தகம் அதைத்தான் காட்டியது. கண்டபடி பிறந்த நிரல்களுக்கு மார்க் போடு, நல்லா செய்றதுகளோட துண்டுகளை மாத்திக் கலப்பினம் பண்ணு, தலைமுறை தலைமுறையா தொடரு. ஜெனெடிக் புரோகிராமிங்.

4/ சிக்கல் எங்கே? 0, 1 வரிசையில் 1-கள் இரட்டைப்படையான்னு பார்க்கணும்னு வைங்க. இரண்டு இலக்கத்தை ஒப்பிடும் துண்டை ஓரிடத்தில் கண்டுபிடிச்சாலும், அடுத்த இடத்தில் மறுபடி முதல்லேர்ந்து கண்டுபிடிக்கணும்.

5/ 1994-ல் கோசாவின் இரண்டாம் புத்தகம். ஒவ்வொரு நிரலுக்கும் முதன்மைப் பகுதியோட ஒரு துணைப் பகுதி. இரண்டும் சேர்ந்தே பரிணமிக்கும், துணையை எத்தனை தடவை வேணா கூப்பிடலாம். கடினமான கணக்குகளில் உழைப்பு வெகுவா குறைஞ்சது. எளிய கணக்குக்கு இது வீண் சுமைன்னும் அவரே காட்டினார்.

6/ ஒரு குறை மிச்சம். எத்தனை துணைப் பகுதி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை உள்ளீடுன்னு மனுஷனே முன்கூட்டிச் சொல்லணும். இங்கேதான் நம்ம பாடம் கைகொடுத்தது.

7/ சுசுமு ஓனோ, 1970: ஒரே ஜீன் இருந்தா அதில் கை வைக்க முடியாது, உயிருக்கே ஆபத்து. தவறுதலா இரண்டு நகல் ஆயிட்டா, ஒண்ணு பழைய வேலையைப் பார்க்கும், இன்னொண்ணு மாறிப் பார்க்கலாம். 16-ம் குரோமோசோமின் ஆல்ஃபா குளோபின், 11-ன் பீட்டா, காமா எல்லாமே ஒரு மூதாதை ஜீனின் நகல் வாரிசுகள்.

8/ 1995-ல் கோசா இதையே நிரலுக்குள் கொண்டுவந்தார். துணைப் பகுதி இரட்டிப்பாகும். அந்த நிமிஷம் நிரலின் விடை மாறாது. பிறகு நகல்கள் தனித்தனியா திரியும். அமைப்பையும் பரிணாமமே தேர்ந்தெடுக்கும்.

9/ காமா குளோபின் கருவுக்கானது. பிறந்தபின் பெரும்பாலும் அடங்கிடும், அழியாது. சிக்கிள் செல் நோயாளிக்கு ஹைட்ராக்ஸியூரியா எழுதுறப்போ அதைத்தான் ஓரளவு தட்டி எழுப்புறோம். பழைய நகலைத் தூக்கிப் போடாததால் இன்னைக்கு ஒரு வலி குறையுது.