வேலியோரத்துக் கறுப்புப் பழம்

1844-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில், டென்மார்க் தேசத்துக் கதாசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் ஒரு சிறு கதையை வெளியிட்டார். ஒரு சிறுவன் வெளியே போய்க் காலை நனைத்துக்கொண்டு, ஜலதோஷத்தோடு வீடு திரும்புகிறான். அம்மா ஈர உடைகளைக் களைந்து அவனைப் படுக்கையில் கிடத்திப் போர்த்துகிறாள். எல்டர் மரத்துப் பூவைப் போட்டுத் தேநீர் தயாரிக்கிறாள். மாடியில் குடியிருக்கும் கிழவர் கதை சொல்ல வருகிறார். பையன் பார்த்துக்கொண்டே இருக்கும்போது, தேநீர்க் கெண்டியின் மூடி மெல்ல எழும்புகிறது. உள்ளேயிருந்து பூவும் கிளையுமாக ஒரு மரமே வளர்ந்து அறையை நிரப்புகிறது. அந்த மரத்தின் நடுவிலே ஒரு பாட்டி உட்கார்ந்து புன்னகை செய்கிறாள்.

அந்தப் பாட்டி ஆண்டர்சனின் சொந்தக் கற்பனை அல்ல. எல்டர் மரத்துக்குள்ளே ஒரு தாய் வசிக்கிறாள், அவளிடம் அனுமதி கேளாமல் கிளையை வெட்டக் கூடாது என்பது டென்மார்க் கிராமங்களில் வெகு காலமாக வழங்கிவந்த நம்பிக்கை. அந்த மரத்தில் தொட்டில் செய்தால், தூங்குகிற குழந்தையின் காலைப் பிடித்து அவள் இழுப்பாளாம்!

அதே 1844-ம் வருஷத்தில் லண்டனில் ஒரு துண்டுப் பிரசுரம் வெளிவந்தது. எழுதியவர் ஜோஸப் ஜேம்ஸ் பாரஸ்டர். போர்த்துக்கல் நாட்டில் போர்ட்டோ நகரத்தில் ஒயின் வியாபாரம் செய்த ஆங்கிலேயர். அதிலும் எல்டர் மரம் வருகிறது. ஆனால் பாட்டியாக அல்ல, கள்ளச் சரக்காக. திராட்சை ஒயினுக்கு நிறம் ஏற்ற எல்டர் பழத்தைக் கலந்து உலகத்தை ஏமாற்றுகிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டுகளில் ஒன்று.

ஒரே வருஷம், ஒரே மரம். ஓரிடத்தில் குழந்தையின் தலைமாட்டில் இருக்கிறது. இன்னோரிடத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது போதாதா? இந்த மரத்தின் ஜாதகத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன்.

முதலில் பழத்தைத் தெரிந்துகொள்வோம். மணத்தக்காளியை அறிந்தவர்களுக்கு இது சிரமம் இல்லை. ஏறக்குறைய அதே பருமன். அதே மினுமினுக்கும் கறுப்பு. ஆனால் மணத்தக்காளி சிறு செடி. எல்டரோ இரண்டு மூன்று ஆள் உயரம் வளரும் குறுமரம். ஐரோப்பா முழுவதும் வேலியோரங்களிலும் குப்பை மேட்டுப் பக்கத்திலும் கேட்பாரற்று வளர்வது. வேனிலின் தொடக்கத்தில் குடை விரித்தாற்போல் வெண்மையாகப் பூக்கும். ஆகஸ்டு, செப்டம்பரில் பழுக்கும். பழுத்த கொத்தின் கனம் தாங்காமல் சிவந்த காம்புகள் தலை கவிழ்ந்து தொங்கும்.

வைத்தியர்கள் இந்த மரத்தை வெகு காலத்துக்கு முன்பே கண்டுகொண்டார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வைத்தியர் டயாஸ்கொரிடீஸ் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1631-ல் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரத்தில் மார்ட்டின் பிளாக்விட்ஸ் என்ற வைத்தியரின் புத்தகம் ஒன்று அச்சாயிற்று. பூ, பழம், இலை, பட்டை, வேர் என்று இந்த ஒரே மரத்தைப் பற்றி ஒரு முழுப் புத்தகம்! 1655-ல் அது ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. 1664-ல் மரங்களைப் பற்றிப் பெரிய நூல் வெளியிட்ட ஜான் ஈவ்லின் என்ற ஆங்கிலேயக் கனவான், இதன் குணங்கள் முழுவதும் தெரிந்துவிட்டால் குடியானவனுக்கு வேறு வைத்தியமே வேண்டியிராது என்ற பொருளில் எழுதினார். புகழ்ச்சிதான். ஆனால் வைத்தியருக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவனுக்கு அந்தப் புகழ்ச்சி எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

பழத்தைப் பாதுகாக்க அக்காலத்தில் இரண்டு வழிகள் இருந்தன. சாற்றைக் காய்ச்சிக் குழம்பாக்கி வைப்பது ஒன்று. அதற்கு ஆங்கில வைத்திய நூல்களில் ‘ராப்’ என்று பெயர். அது அரபு மொழியின் ‘ருப்’ என்ற சொல். ‘ஸிரப்’ என்ற சொல்லும் அரபிலிருந்து போனதுதான். குடித்தல் என்று பொருள்படும் அதே வேரிலிருந்து இன்னொரு சொல் கிழக்கே பயணம் செய்து நம்மிடம் ‘சர்பத்’ ஆயிற்று. டேனிஷ் பாட்டியின் ஸிரப்பும் நம் கடைத்தெரு நன்னாரி சர்பத்தும் சொல்லளவில் ஒன்றுவிட்ட சகோதரிகள்!

ஆனால் ஸிரப் செய்யச் சர்க்கரையோ தேனோ வேண்டும், ஜாடி வேண்டும். சர்க்கரை ஐரோப்பாவில் நெடுங்காலம் பணக்காரர் பண்டமாகவே இருந்தது. இல்லாதவர்களுக்கு இரண்டாவது வழிதான்: உலர்த்துவது. பழத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அதை வெயிலிலோ, ரொட்டி சுட்டபின் அடங்கிவரும் அடுப்புச் சூட்டிலோ போக்கிவிட்டால், மிளகு போலச் சுருங்கிப் பைக்குள் அடங்கிவிடும். பனிக்காலம் முழுவதும் கெடாது. செலவும் கிடையாது.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் சிநேகிதரின் மகன் ஒருவன் ஒரு பொட்டலம் எல்டர் வற்றல் கொண்டு வந்து கொடுத்தான். இரண்டு தம்ளர் தண்ணீரில் ஒரு மேஜைக் கரண்டி வற்றலைப் போட்டுக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டினேன். நாவற்பழச் சாறு போன்ற நிறம். லேசான புளிப்பு, அடியில் கொஞ்சம் துவர்ப்பு, மழை பெய்த மண்ணை நினைவூட்டும் ஒரு வாசனை. ஸிரப் செய்வதும் கடினமில்லை. ஒரு கிண்ணம் வற்றலுக்கு நாலு கிண்ணம் தண்ணீர். ஒரு துண்டு லவங்கப் பட்டை, நாலைந்து கிராம்பு, கொஞ்சம் இஞ்சி. மெல்லிய தீயில் முக்கால் மணி நேரம் காய்ச்சி, தண்ணீர் பாதியாகச் சுண்டியதும் மசித்துத் துணியில் பிழிந்து, சூடு ஆறியபின் ஒரு கிண்ணம் தேன் கலந்து குளிர்பெட்டியில் வைக்க வேண்டியதுதான். ஒரு வயது நிரம்பாத குழந்தைகளுக்கு மாத்திரம் தேன் சேர்ந்த எதையும் கொடுக்கக் கூடாது.

இதில் ஒரு வேடிக்கை. பழம் வேலியோரத்தில் சும்மா கிடைப்பது. சேர்மானமோ, இலங்கையின் பட்டையும் மொலுக்காஸ் தீவுகளின் கிராம்பும். எந்தச் சரக்குக்காகப் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் கீழ்த்திசைக் கடலில் ஒருவரையொருவர் வெட்டி மாய்ந்தார்களோ, அதே சரக்குப் பிற்காலத்தில் ஏழைக் கிழவியின் சட்டியிலும் விழுந்தது.

‘கொதிக்கவிட்டு’ என்று சொன்னேனே, அந்த வார்த்தையில்தான் உயிர் இருக்கிறது. எல்டரின் இலை, காம்பு, காய், விதை ஆகியவற்றில் சயனைடு விஷத்தை உண்டாக்கும் பொருள் ஒன்று உண்டு. 1983-ம் வருஷம் ஆகஸ்டு மாதம், அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மாண்டரே பிரதேசத்தில், ஒதுக்குப்புறமான ஓரிடத்தில் இருபத்தைந்து பேர் கூடியிருந்தார்கள். அந்தப் பக்கத்து எல்டர் பழத்தை இலையும் கிளையுமாகப் பச்சையாகவே நசுக்கிச் சாறு பிழிந்து குடித்தார்கள். எட்டுப் பேரை ஹெலிகாப்டரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்படி ஆயிற்று. நல்லவேளையாக எல்லோரும் பிழைத்தார்கள். ரசாயனம் படிக்காத பாட்டிகள் காம்பை நீக்கி நன்றாகப் பழுத்ததை மட்டும் உதிர்த்துக் காய்ச்சிக் கொடுத்தார்கள். அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் எத்தனை வயிற்று வலிகளின் அனுபவம் இருந்ததோ!

இனி, குற்றவாளிக் கூண்டுக்குப் போவோம்.

1703-ல் இங்கிலாந்தும் போர்த்துக்கலும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி பிரெஞ்சு ஒயினைவிடப் போர்த்துக்கல் ஒயினுக்கு இங்கிலாந்தில் மூன்றில் ஒரு பங்கு வரி குறைவு. டோரோ நதிப் பள்ளத்தாக்கின் ஒயினுக்கு அடித்தது யோகம். கிராக்கி ஏற ஏறத் திராட்சை போதவில்லை. மட்டமான, வெளுத்த ஒயினை வாங்கி, உலர்ந்த எல்டர் பழத்தை அதில் ஊறவைத்தால் நல்ல கருஞ்சிவப்பு வந்துவிடும். வற்றலாதலால் மூட்டை கட்டுவது சுலபம்; வருஷம் முழுவதும் கிடைக்கும். பாட்டிக்கு உதவிய அதே குணம் மோசக்காரனுக்கும் உதவியது.

1754-ல் போர்ட்டோவிலிருந்த ஆங்கில வியாபாரிகள், சரக்கு கெட்டுப்போய்விட்டதென்று தங்கள் தரகர்களைக் கண்டித்துக் கடிதம் எழுதினார்கள். தரகர்கள் சும்மா இருக்கவில்லை. இயற்கையில் இல்லாத நிறத்தையும் காரத்தையும் கேட்டதே நீங்கள்தானே என்று திருப்பி எழுதினார்கள். இந்தக் கடிதப் போக்குவரத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. மோசத்துக்கு எப்போதும் இரண்டு கை வேண்டும் போலும். ஒன்று கலக்கிற கை, மற்றொன்று கறுப்பாக இருந்தால்தான் வாங்குவேன் என்று காசை நீட்டுகிற கை.

அடுத்த வருஷம், 1755 நவம்பர் முதல் தேதி, லிஸ்பன் நகரத்தைப் பூகம்பம் தரைமட்டமாக்கியது. அதை மீண்டும் எழுப்பியவர் பிற்காலத்தில் பொம்பால் பிரபு என்று பட்டம் பெற்ற மந்திரி. இரும்பு மனிதர். 1756-ல் அவர் டோரோ ஒயினுக்கென்று ஒரு கம்பெனியை ஏற்படுத்தினார். எந்த நிலத்துத் திராட்சை உயர்ந்தது என்று எல்லை வகுத்துக் கருங்கல் தூண்கள் நடப்பட்டன. அந்தப் பிரதேசத்து எல்டர் மரங்களையெல்லாம் வேரோடு பிடுங்கும்படி உத்தரவு பிறந்தது. கம்பெனிக்குக் கொடுத்த ஏகபோக உரிமையால் போர்ட்டோவின் சிறு மதுக்கடைக்காரர்கள் 1757 பிப்ரவரியில் கலகம் செய்தார்கள். பலர் தூக்கில் தொங்கினார்கள்.

மரம் வெட்டுண்டது, மனிதர்களும் மாண்டார்கள். கலப்படம் நின்றதா என்றால், இல்லை. எண்பது வருஷத்துக்குமேல் கழித்துப் பாரஸ்டர் மறுபடியும் அதையே எழுத வேண்டியிருந்ததே! ஒயினில் பிராந்தி சேர்ப்பதையும் அவர் கண்டித்தார். அந்த வழக்கில் அவர் தோற்றுப்போனார். இன்றைய போர்ட் ஒயின் திராட்சைச் சாராயம் சேர்ந்ததுதான். எல்டர் வழக்கில் காலம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதைக் கேட்க அவர் இல்லை. 1861 மே மாதத்தில், எந்த நதியை அளந்து படம் வரைந்தாரோ அந்த டோரோ நதியிலேயே படகு கவிழ்ந்து மூழ்கினார். இடுப்பில் கட்டியிருந்த பணப் பையின் பாரம் இழுத்துக்கொண்டது என்று சொல்வார்கள். உடல் கிடைக்கவில்லை.

இதற்கு ஒரு விசித்திரமான அனுபந்தம் உண்டு. 1931-ல் வெளியான கிரீவ் அம்மையாரின் மூலிகை நூலில் ஒரு சம்பவம் வருகிறது. 1899-ல் ஓர் அமெரிக்க மாலுமி, பழைய போர்ட் ஒயினைக் குடித்தால் வாத வலி போய்விடுகிறது என்று பிராக் நகரத்து வைத்தியர் ஒருவரிடம் சொன்னானாம். ஆராய்ந்து பார்த்ததில், அசல் ஒயினால் பலன் இல்லை. எல்டர் சாறு கலந்த போலி ஒயின்தான் வலியைப் போக்கியது என்று கண்டார்களாம்! இதை வைத்திய சாஸ்திரமாக ஏற்க எனக்குத் துணிவில்லை. கதையாக ஏற்கத் தடையில்லை.

சாஸ்திரம் என்ன சொல்கிறது? இஸ்ரேலிய ஆராய்ச்சியாளர்கள் 1995-ல் ஒரு சிறு சோதனையை வெளியிட்டார்கள். 2004-ல் நார்வேயில் அறுபது நோயாளிகளிடம் செய்த சோதனை வெளிவந்தது. எல்டர் ஸிரப் சாப்பிட்டவர்களுக்கு விஷக் காய்ச்சல் நாலு நாள் முன்னதாக விட்டது என்றார்கள். ஆனால் அமெரிக்காவில் எண்பத்தேழு பேரிடம் செய்து 2020-ல் வெளியான சோதனையில் ஒரு பலனும் தென்படவில்லை. ஆக, தீர்ப்பு இன்னும் வரவில்லை. கடைகளில் விற்கும் விலை உயர்ந்த புட்டிகளின் விளம்பரங்களோ தீர்ப்பு வந்துவிட்டது போலவே பேசுகின்றன.

இங்கேதான் எனக்குப் பழைய வழக்கு நினைவுக்கு வருகிறது. எல்டர் பழம் தன் சொந்தப் பெயரில் இருந்தவரை அதனால் யாருக்கும் அவமானம் இல்லை. வட ஜெர்மனியில் ஆப்பிள் துண்டும் ரவை உருண்டையும் போட்டு அதைச் சூடான சூப்பாகக் குடிக்கிறார்கள். யாரும் அதைத் திராட்சை என்று சொல்வதில்லை. திராட்சையின் பெயரைச் சூட்டியபோது அது திருடனாயிற்று. மருந்தின் பெயரைச் சூட்டினால் மறுபடியும் அதே சங்கடந்தான் வரும். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குச் சூடாக, இனிப்பாக, அம்மா கையால் ஏதோ ஒன்று கிடைப்பது சின்ன விஷயமல்ல. ஆனால் டாக்டரை அழைக்க வேண்டிய நேரத்தில் அதை நம்பி உட்கார்ந்திருப்பது வேறு விஷயம்.

டோரோ நதிக்குத் தெற்கே, வரோஸா என்ற சிற்றாற்றின் பள்ளத்தாக்கில் இன்று எல்டர் மரங்களை வரிசை வரிசையாக நட்டுப் பயிர் செய்கிறார்கள். பொம்பால் நட்ட கல் தூண்களும் அந்தப் பக்கத்தில் பல இடங்களில் இன்னும் நிற்கின்றன. பழத்தை உலர்த்தி வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். மூட்டைமேல் ‘எல்டர் பழம்’ என்றே எழுதியிருக்கிறது.