மரக்கறித் தோட்டத்தில் பொறிப்பயிர்: பீடைகளை ஓர் ஓரத்துக்கு இழுக்கும் வழி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. நாம் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக் கற்பாறைக்குள் தேங்கி நிற்கும் மழைநீரைத்தான். மிளகாய்க்கும் கோவாவுக்கும் அடிக்கின்ற மருந்தில் மண்ணில் விழும் பங்கு அந்த நீரையும் சென்றடையக்கூடும். அதனால் பீடைநாசினியைக் குறைப்பது பற்றிப் பேசும்போது எனக்கு முதலில் கிணறுதான் நினைவுக்கு வருகிறது.

செலவும் சிறிய விடயமல்ல. மீள்குடியேறிய பல குடும்பங்கள் சில பரப்புக் காணியை நம்பியே வாழ்கின்றன. கடன்பட்டு வாங்கிய மருந்து பலன் தராவிட்டால் அந்தப் போகமே கைவிட்டுப் போகும். 1990களின் பொருளாதாரத் தடையில் உரமும் எரிபொருளும் இல்லாமல் தோட்டம் செய்தவர்கள் நாம். 2021இல் இரசாயன உரம், விவசாய இரசாயனங்களின் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோதும் கடையை மட்டும் நம்பிய தோட்டங்கள் தவித்தன. கைவசமுள்ள விதையையும் கவனிப்பையும் கொண்டு செய்யக்கூடிய ஒரு முறையை இங்கு எழுதுகிறேன்.

பொறிப்பயிர் என்றால் என்ன?

பூச்சிகள் எல்லாச் செடிகளையும் ஒரே அளவில் விரும்புவதில்லை. மணம், இலையின் தன்மை, பூக்கும் பருவம் ஆகியவற்றைப் பார்த்தே பெண் அந்து முட்டையிடும் இடத்தைத் தெரிவுசெய்கிறது. அது கூடுதலாக விரும்பும் செடியை எமது பயிருக்கு அருகில் நட்டால் பீடை அங்கே கூடும். அங்கேயே அதை அழித்துவிடலாம். அந்தச் செடிதான் பொறிப்பயிர்.

கோவாவுக்குக் கடுகு

கோவா இலையைச் சல்லடையாக்கும் வைரமுதுகு அந்து, உலகின் பல நாடுகளில் பலவகைப் பீடைநாசினிகளுக்கு எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டது. ஆனால் அது கோவாவை விடக் கடுகில் முட்டையிடவே விரும்பும். இந்தியாவில் 25 வரிசைக் கோவாவுக்கு இரு பக்கமும் கடுகு விதைக்கும் முறை பரிந்துரைக்கப்படுகிறது. முதல் வரிசைக் கடுகைக் கோவா நாற்று நடுவதற்கு 15 நாட்கள் முன்பாகவும், இரண்டாவதை நாற்று நட்டு 25 நாட்களின் பின்னும் விதைப்பார்கள். முதற்கடுகு முற்றும் வேளையில் இளங்கடுகு தயாராக இருக்கவேண்டும் என்பதே காரணம். சிறிய தோட்டத்தில் பாத்தியைச் சுற்றிக் கடுகு தூவினாலும் இதே கால ஒழுங்கைக் கைக்கொள்ளுங்கள்.

தக்காளிக்குச் செவ்வந்தி

தக்காளியைத் துளைக்கும் காய்ப்புழுவின் தாய் அந்து, செவ்வந்தியின் மொட்டையும் பூவையும் நாடும். உயரமாக வளர்ந்து பெரிய பூப் பூக்கும் மஞ்சள், செம்மஞ்சள் இனம் ஏற்றது. 14 முதல் 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை போதும். 45 நாள் வயதுச் செவ்வந்தி நாற்றையும் 25 நாள் வயதுத் தக்காளி நாற்றையும் ஒரே நாளில் நடவேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒன்றாகப் பூக்கும். புழு இருக்கும் மொட்டுகளைக் கிள்ளி அழித்துவிட்டு, நல்ல பூக்களைக் கோயிலுக்கோ சந்தைக்கோ கொடுக்கலாம்.

மிளகாய்க்கும் புகையிலைக்கும் ஆமணக்கு

இலை தின்னும் புகையிலைப் புழுவின் அந்து, வரம்போரத்து ஆமணக்கின் அகன்ற இலைகளில் கும்பலாக முட்டையிடும். முட்டைக் கும்பல் மங்கிய மண்ணிற மயிரால் மூடப்பட்டிருக்கும். பொரித்த குஞ்சுப் புழுக்கள் சில நாட்கள் ஒரே இலையில் கூடிச் சுரண்டுவதால் அந்த இலை வெளுத்துத் தெரியும். அப்போதே இலையோடு பறித்துச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டால் நூற்றுக்கணக்கான புழுக்கள் ஒரே தடவையில் முடியும். வளர்ந்த புழு பகலில் மண்ணில் ஒளிந்துவிடும், பிடிப்பது கடினம். ஆமணக்கு விதை நஞ்சு என்பதால் சிறுவர்களும் ஆடுகளும் நடமாடும் இடத்தில் காய்களை முற்றவிடாமல் அகற்றுங்கள்.

பாகல், புடோலுக்குச் சோளம்

பழ ஈ முட்டையிட மட்டுமே காய்க்கு வரும். மற்ற நேரங்களில் அருகிலுள்ள உயரமான செடிகளில் தங்கும். பந்தலைச் சுற்றிச் சோளம் நட்டால் அங்கே கூடும் ஈக்களுக்கு அந்தச் சோளத்திலேயே நச்சு இரை வைக்கலாம், கொடியில் மருந்து படாது. குத்துப்பட்ட காய்களை ஆழமாகப் புதையுங்கள், அல்லது பொலித்தீன் பையில் கட்டி வெயிலில் வையுங்கள்.

மிளகாயைச் சுற்றி நெருக்கமாக இரண்டு மூன்று வரிசை சோளமோ இறுங்கோ நடுவது தடுப்புப்பயிர். பறந்துவரும் அழுக்கணவன் பூச்சி முதலில் அதில் குத்திச் சாறு உறிஞ்சும்போது, அதன் வாயில் ஒட்டிவரும் சிலவகை வைரசுகள் அங்கேயே நின்றுவிடுகின்றன.

கவனிக்க வேண்டியவை

“நட்டுப் பார்த்தோம், பயனில்லை” என்று சொன்னவர்களின் தோட்டங்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் குறை ஒன்றுதான். பொறிப்பயிரை நட்டபின் அந்தப் பக்கம் போகவில்லை. பீடை கூடும் இடத்தில் அதை அழிக்காவிட்டால் அந்த வரிசையே அதன் பெருக்க மேடையாகி, அடுத்த தலைமுறை எமது பயிருக்குள் இறங்கும். கிழமைக்கு இரண்டு தடவையாவது இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். புழு கூடினால் 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து ஒரு லீற்றர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து மாலையில் அந்த வரிசைக்கு மட்டும் தெளியுங்கள். முற்றிய கடுகைப் பிடுங்கி எரித்துவிடவேண்டும். வரம்பில் போட்டுவைத்தால் புழு நடந்து கோவாவுக்கு வரும்.

எல்லாப் பீடைக்கும் இது மருந்தல்ல. கத்தரியின் தண்டு, காய் துளைப்பானைத் திசைதிருப்பப் பொறிப்பயிரை நம்பமுடியாது. வாடிய குருத்தைக் கிழமைதோறும் வெட்டி எரிப்பதே அங்கு வேலை. நிலத்தில் ஓரிரு வரிசையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

முதல் போகத்தில் ஒரு சோடியை மட்டும் தெரிவுசெய்யுங்கள். ஒரு பாத்தியைக் கடுகு இல்லாமல் சற்றுத் தள்ளி வைத்து, இரண்டிலும் பத்துப் பத்துச் செடியில் புழுக்களை எண்ணி ஒரு கொப்பியில் குறித்துவாருங்கள். அந்துக்கு வேலி தெரியாது. பக்கத்துக் காணிக்காரரும் அதே கிழமையில் விதைத்தால் பலன் இருவருக்கும் கூடும்.